நான்கு ஊர்கள் மலையேறிய கதை

என்னிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. 1998 ஜனவரியில் எடுத்தது. நான்கு பெண்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். நான்கு பேர் உடம்பிலும் இரவல் ஸ்வெட்டர். முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பி வேலி, அதற்கு அப்பால் வெள்ளை. மலை இல்லை, மரம் இல்லை, வானமும் இல்லை. ஸ்டுடியோவில் வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு எடுத்தது என்று சொன்னாலும் நம்புவார்கள். படத்தைத் திருப்பினால் நீல மையில் என் கையெழுத்து: 'தூண் பாறை, கொடைக்கானல்.'

அன்றைக்குப் பாறை பனிக்குள் இருந்தது. கல்லூரிச் சுற்றுலா. ஒரே பகலில் ஒன்பது இடம். கூட வந்த பேராசிரியையின் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. முதல் விசிலுக்கு இறங்க வேண்டும், இரண்டாவதற்குப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், மூன்றாவதற்கு ஏறிவிட வேண்டும். பனி விலகும்வரை காத்திருக்க என்று தனி விசில் எதுவும் இல்லை. அந்தப் பயணத்தில் எனக்கு மிச்சமிருப்பது விசில் சத்தமும், மலைப்பாதை நெடுக முகர்ந்துகொண்டே வந்த எலுமிச்சம்பழத்தின் வாசனையும்தான். எலுமிச்சம்பழம் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 மே மாதம் அதே நான்கு பேரும் மறுபடி கொடைக்கானலுக்குப் போனோம். 27 வருடம் கழித்து. விசில் இல்லாமல்.

பெயர்களை எழுதக் கூடாது என்று மற்ற மூவரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. மதுரையில் எங்கள் விடுதியில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். 'கம்பம் இன்னும் தூங்குகிறது', 'பரமக்குடிக்குத் தபால் வந்திருக்கிறது', 'சிவகாசி அழுகிறது, என்னவென்று கேள்' என்றுதான் பேசிக்கொள்வோம். நான் சாத்தூர். இன்றைக்குச் சிவகாசி ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பரமக்குடி வங்கி அதிகாரி. கம்பம் ஒரு திராட்சைத் தோட்டத்தையும் அதைவிடப் பெரிய கூட்டுக் குடும்பத்தையும் கட்டி மேய்க்கிறாள். நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். மலைக்குப் போயும் அந்தப் புத்தி போகவில்லை. பெயர்ப்பலகைகளில் ஒற்று விடுபட்ட இடங்களை எண்ணிக்கொண்டே போனேன். பெருமாள்மலை தாண்டுவதற்குள் இருபதைத் தொட்டுவிட்டது.

யோசனை பரமக்குடியுடையது. கடைசிப் பிள்ளையையும் கல்லூரியில் சேர்த்துவிட்ட தைரியத்தில், ஒரு ராத்திரி எங்கள் மூவருக்கும் செய்தி அனுப்பினாள்: 'மே மாதம். நாம் நான்கு பேர் மட்டும். சாக்குச் சொல்கிறவள் மற்ற மூவருக்கும் பட்டுப்புடவை எடுத்துத் தர வேண்டும்.' பட்டு விற்கிற விலைக்கு யாரும் சாக்குச் சொல்லவில்லை.

வீட்டில் அனுமதி கேட்பதில்லை, அறிவித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தோம். அறிவிக்க எனக்குப் பத்து நாள் ஒத்திகை தேவைப்பட்டது. கடைசியில் மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

"மலையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"குளிர்ச்சியாக இருக்கும், அத்தை."

"அதற்குத்தான் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே."

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நான்கு நாள் வீட்டில் இல்லாமலிருப்பதற்கு ஆறு நாள் வேலை செய்ய வேண்டியிருந்தது. மாவு அரைத்து இரண்டு பாத்திரத்தில் வைத்தேன். புளிக்குழம்பு, பருப்புப் பொடி, இஞ்சித் துவையல். எந்த டப்பாவில் என்ன என்று துண்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். சிவகாசி இதைவிட ஒரு படி மேலே போய், வாஷிங் மெஷினுக்குப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து ஒட்டிவிட்டு வந்தாளாம். அத்தனைக்குப் பிறகும் வண்டி வாடிப்பட்டியைத் தாண்டும்போதே முதல் போன் வந்துவிட்டது. அவளுக்குத்தான். பொத்தானை அழுத்தியும் மெஷின் ஓடவில்லையாம். பிளக் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். அந்தப் படத்தில் பிளக்கை மட்டும் வரையவில்லை.

முன்பு போல நினைத்தபோது மலையேறிவிட முடியாது இப்போது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடைக்கு எண்ணிக்கையையும் வரையறுத்துவிட்டார்கள்: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. இதையெல்லாம் கரைத்துக் குடித்திருந்த பரமக்குடி, கூட்டத்துக்குப் பயந்து வியாழக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு செய்து, பாஸையும் முன்கூட்டியே எடுத்து, இரண்டு படி அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தாள். வங்கிக்காரி அல்லவா!

விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் வந்து நின்றது வேறு வண்டி. பேசிவைத்த வண்டியில் ஏதோ கோளாறு என்று டிராவல்ஸ்காரர் மாற்றி அனுப்பிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி மாறினால் எண் மாறும், எண் மாறினால் பாஸ் செல்லாது என்பது எங்கள் நால்வரின் படித்த மூளைக்கும் மலையடிவாரச் சோதனைச் சாவடியில்தான் உறைத்தது. அங்கே நின்றவர் பாஸைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "இந்த வண்டிக்குப் புதிதாக எடுங்கள், அம்மா" என்றார். சண்டை போட அதில் ஒன்றும் இல்லை. புளியமரத்து நிழலில் நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சிக்னலைத் தேடி, பெயர், முகவரி, வண்டி எண் என்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து. முக்கால் மணி நேரம். கத்திரி வெயில் அடிவாரத்தில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது.

அப்போது எனக்குக் கோபம்தான். மேலே போய் ஏரிச் சாலையில் வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகு கோபம் நீதிமன்றத்தைவிட்டு வண்டிகளின் பக்கம் திரும்பிவிட்டது. அதில் எங்கள் வண்டியும் ஒன்று என்பதால் அதை வெளியே சொல்லவில்லை.

இன்னொரு அவமானமும் அன்றே நடந்தது. மலையில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. கொண்டுபோனால் பாட்டிலுக்கு 20 ரூபாய் கட்ட வேண்டும். வெள்ளி நீர்வீழ்ச்சிச் சுங்கச்சாவடியில் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். சிவகாசியின் பைக்குள்ளிருந்து நான்கு பாட்டில்கள் வரிசையாக வந்தன. அவள் பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியை யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 80 ரூபாயைக் கட்டிவிட்டு வந்து, "என் மாணவிகள் யாரும் பார்க்கவில்லையே?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

வத்தலக்குண்டைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே ஜன்னல்களை இறக்கிவிட்டோம். காற்றின் சூடு எங்கே குறைந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. திடீரென்று கம்பம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கும் தெரிந்தது. யாரும் வாந்தி எடுக்கவில்லை. "வயதானால் வயிற்றுக்கும் பக்குவம் வருகிறது" என்றாள் பரமக்குடி. ஓட்டி வந்த தம்பியின் கைவண்ணம் என்று நான் நினைக்கிறேன்.

கொடைக்கானல் என்கிற ஊரே கீழ்நாட்டு வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து ஓடியவர்கள் கட்டியதுதான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அப்போது இந்தச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து காட்டுப் பாதையில் ஏற வேண்டும். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் சுமந்துகொண்டு ஏறினார்கள். கோக்கர் என்கிற லெப்டினன்ட் பெயரில் நடைபாதை இருக்கிறது, பிரையண்ட் பெயரில் பூங்கா இருக்கிறது. நாற்காலியைச் சுமந்தவர்கள் பெயரில் ஒரு சந்துகூட என் கண்ணில் படவில்லை. நான் பெயர்ப்பலகைகளை விடாமல் படித்தேன் என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன்.

நாயுடுபுரம் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அங்கே சமையலுக்கு ஓர் அம்மா இருந்தார். போய் இறங்கிய அரை மணி நேரத்தில் தட்டில் நான்கு டம்ளர் தேநீரோடு வந்தார். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், ஒருவர் எங்களுக்குத் தேநீர் கொண்டுவருகிறார். இந்தக் காட்சியில் எங்களுக்கு எந்த இடம் என்றே புரியவில்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து தட்டை வாங்கப் போனோம். குடித்து முடித்ததும் நான்கு பேரும் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தோம். கழுவு தொட்டிக்கு முன்னால் ஒரு சிறு நெரிசல். அந்த அம்மா எங்கள் கையிலிருந்து டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கம்பம் மேஜைமேல் கிடந்த பழைய நாளிதழை எடுத்து நான்காக மடித்தாள், பிறகு பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஐந்து நிமிடம் கழித்து, "நான் கொஞ்சம் படுக்கட்டுமா?" என்று எங்களிடமே அனுமதி கேட்டாள். பகல் பதினொன்றரை மணி. நாங்களும் போய்ப் படுத்தோம். விழித்தபோது மணி நாலே கால்.

உண்மையைச் சொன்னால், அந்த நான்கு நாட்களில் நாங்கள் செய்த பெரிய காரியம் தூங்கியதுதான். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கினோம். சாயங்காலம் மழை பெய்தால் மழையைக் கேட்டுக்கொண்டே தூங்கினோம். பகலில் கண்மூடினால் 'உடம்பு சரியில்லையா?' என்று கேட்கிற வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்த பரமக்குடிதான் முதல் நாள் புலம்பினாள். இரண்டாம் நாள் அவளைத்தான் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

போனுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தோம்: இரவு ஏழு முதல் எட்டு வரை மட்டும். சட்டம் ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருக்கவில்லை. கேஸ்கெட் எங்கே, மின் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன, பாட்டிக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு, எது பின்பு. என் மகன் அழைத்து, தயிர் உறையவில்லை, இப்போது என்ன செய்ய என்று கேட்டான். "காத்திரு" என்றேன். கம்பத்துக்கு மட்டும் ஒரு போனும் வரவில்லை. முதல் நாள் பெருமைப்பட்டாள். இரண்டாம் நாள் சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளே அழைத்தாள். வீட்டுக்காரர் அக்கா வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நன்றாக இருந்தார். அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியதை முகம் சொல்லியது.

இரண்டு அறைக்குப் பணம் கட்டிவிட்டு, படுக்கைகளை எல்லாம் இழுத்து ஒரே அறையில் போட்டுக்கொண்டோம். விளக்கை அணைத்த பிறகுதான் பேச்சு தொடங்கும். அப்படி ஒரு ராத்திரி, இரண்டு வருடத்துக்கு முன்பு தனக்கு நடந்த பெரிய அறுவை சிகிச்சையைப் பற்றிக் கம்பம் சொன்னாள். எங்களில் யாருக்கும் தெரியாது.

"ஏன்டி சொல்லவில்லை? ஓடி வந்திருப்போமே" என்றாள் சிவகாசி.

"வந்திருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டியிருந்திருக்கும்."

இருட்டில் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சிரித்த பிறகுதான் நாங்கள் சிரித்தோம்.

ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நட்சத்திர வடிவில், ஏறக்குறைய 60 ஏக்கர். இயற்கையாக அமைந்தது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை. 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பு நிலத்தில் ஓடிய நீரை அணை போட்டுத் தேக்கி உண்டாக்கியது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தாராம். தூத்துக்குடியிலிருந்து மலையுச்சிக்குப் படகு! அதையும் யாராவது சுமந்துதான் இருப்பார்கள்.

1998-இல் ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள் ஓட்ட எங்களுக்குத் தடை. 'பெண் பிள்ளைகள், விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது?' என்றார் விசில் பேராசிரியை. பரமக்குடி அதை 27 வருடமாக மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஒரு சைக்கிளைப் பிடித்தாள். முதல் ஐம்பது அடி பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு முதுகு நிமிர்ந்தது. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இரண்டு பேர் மிதிக்கிற நீள சைக்கிளில் சிவகாசிக்குப் பின்னால் என்னை ஏற்றினார்கள். "நீயும் மிதிக்கிறாயா, சும்மா உட்கார்ந்திருக்கிறாயா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஏற்றங்களில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அது அவளுக்கு இதைப் படிக்கும்போது தெரியும். ஐந்து கிலோமீட்டர் சுற்றி வருவதற்குள், கரையில் உட்கார்ந்திருந்த கம்பம் மிளகாய்த்தூள் தடவிய மக்காச்சோளம் இரண்டு கதிர் முடித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கோக்கர்ஸ் வாக் போனோம். 1872-இல் மலையின் விளிம்பை ஒட்டிப் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை. மழை விட்டிருந்தது. பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பிக் கிடந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் மேற்கே வெயில் எட்டிப் பார்த்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தவள், மேகத்தின்மேல் என் நிழல் விழுந்து கிடப்பதைப் பார்த்தேன். நிழலின் தலையைச் சுற்றி ஒரு சின்ன வானவில், முழு வட்டமாக. சாமி படத்தில் போடுவார்களே, அந்த மாதிரி.

"என் தலையைப் பாருங்கள், ஒளிவட்டம்!" என்று கத்தினேன்.

"உன் தலையில் எங்கே இருக்கிறது? என் தலையில்தான் இருக்கிறது" என்றாள் பரமக்குடி.

"இரண்டு பேருக்கும் இல்லை, எனக்குத்தான்" என்றாள் கம்பம். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையை ஆட்டி, ஆடுகிற நிழல் எது என்று சரிபார்த்துவிட்டுச் சொன்னாள்.

சிவகாசிக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். சூரியன் பின்னால், மேகம் முன்னால் இருக்கும்போது, பொடிப்பொடியான நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றனவாம். சூரியனுக்கு நேர் எதிரே இருக்கிற புள்ளியைச் சுற்றித்தான் வட்டம் தெரியும். ஒருவருக்கு அந்தப் புள்ளி அவருடைய சொந்தத் தலையின் நிழல். அதனால் அவரவர் வட்டம் அவரவர் கண்ணுக்கு மட்டும். ஜெர்மனியில் உள்ள பிராக்கன் மலையின் பெயரால் இதைப் பிராக்கன் நிழல் என்கிறார்கள். எல்லாவற்றையும் விளக்கி முடித்துவிட்டு, "ஆனால் எனக்குத்தான் பெரியதாக இருந்தது" என்று சேர்த்துக்கொண்டாள். அதற்குள் வெயில் போய்விட்டது. போனில் எடுத்த படத்தில் யாருக்கு வட்டம் விழுந்திருந்தது என்றால், போனைப் பிடித்திருந்த பரமக்குடிக்கு.

சனிக்கிழமையும் சிவகாசியின் நாள்தான். சூரிய ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெயிலுக்குத் தப்பி வந்த ஊரில் சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூடம்! சென்னையிலிருந்து 1899-இல் இங்கே மாற்றியது. சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். சிவகாசி பாடப்புத்தகத்தில் நடத்துகிற ஒன்றின் வாசலில் நின்றாள். இருபது வருடமாக நடத்துகிறாள்; இப்போதுதான் பார்க்கிறாள். எங்களுக்கு அலுத்த பிறகும் அவள் வரவில்லை. காத்திருந்தோம். எங்களில் யாரிடமும் விசில் இல்லையே.

அங்கிருந்து பூம்பாறை. மேலே சாலையிலிருந்து பார்த்தால் ஊர் பள்ளத்தில் கிடக்கிறது. சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டுக் கம்பம் நேராகப் பூண்டுக்குப் போனாள். கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புகைமூட்டம் போட்டுப் பதப்படுத்துவதால் மாதக்கணக்கில் கெடாது என்றார்கள். கம்பம் ஒரு பல்லை நகத்தால் கீறி முகர்ந்தாள், உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள், விலையைக் கேட்டாள், கேட்காததுபோல் நடந்தாள், திரும்பி வந்தாள். விவசாயி விவசாயியிடம் பேரம் பேசுவதைப் பார்க்க வேண்டும். இரண்டு பேருமே ரசித்தார்கள். ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கினோம். அதற்குப் பிறகு வண்டிக்குள் வேறு வாசனைக்கு இடம் இருக்கவில்லை.

வழியில் பைன் மரங்களுக்கு நடுவே இறங்கி, 'என்ன அருமையான காடு' என்று நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டி வந்த தம்பி, "அக்கா, இது காடு இல்லை, நட்டது" என்றார். பைன், தைலமரம், வாட்டில் எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்தவை. இந்த மலையின் சொந்தக் காடு, மடிப்புகளில் கூன் விழுந்த மரங்களோடு ஒடுங்கி நிற்கிற சோலையும், அதைச் சுற்றிய புல்வெளியும்தான். மழையைப் பிடித்துவைத்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அவைதான். அப்புறம் நானும் பார்த்தேன். பைன் மரங்களுக்குக் கீழே பழுத்த ஊசியிலைகள் மெத்தையாகக் கிடந்தனவே தவிர, ஒரு செடி இல்லை. படத்தை அழிக்கவில்லை. விளக்கத்தைத்தான் மாற்றி எழுதிக்கொண்டேன்.

குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போனதும் அன்றுதான். 1936-இல் அதைக் கட்டியவர் ஒரு பெண். லீலாவதி ராமநாதன் என்று பெயர் மாற்றிக்கொண்ட வெள்ளைக்காரப் பெண்மணி. குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு முறை. 2018-இல் பூத்தபோது எங்களுக்கு நேரம் இல்லை. இனி 2030. "52 வயதாகிவிடும்" என்றாள் பரமக்குடி, உடனே போனில் நாள்காட்டியைத் திறந்துகொண்டே.

தூண் பாறைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமையே ஒரு நடை போயிருந்தோம், கோக்கர்ஸ் வாக்குக்கு முன்னால். டிக்கெட் வாங்கி உள்ளே போனால், கம்பி வேலி, அதற்கு அப்பால் வெள்ளை. 1998-இல் நின்ற வரிசையிலேயே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அதே வெள்ளை. ஸ்வெட்டர் மட்டும் சொந்தம். குடும்பக் குழுவில் போட்டேன். 'பாறை எங்கே?' என்று மாமியார் பேரனைவிட்டுக் கேட்கச் சொன்னாராம்.

"மத்தியானத்துக்கு மேல் மூடிவிடும் அக்கா, காலையில் வர வேண்டும்" என்றார் தம்பி. ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற வழிக்கு எதிர்த்திசைதான், இருந்தாலும் விடிந்ததும் போனோம். அப்போதும் மூட்டம். இந்த முறை விடுவதில்லை என்று காத்திருந்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். குளிரில் குடித்த இரண்டு தேநீர் தன் வேலையைக் காட்டியது. "இதோ வந்துவிடுகிறேன்" என்று நான் கழிப்பறைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு சுற்றுலா பஸ்ஸின் பெண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். கையில் சில்லறையைப் பிடித்துக்கொண்டு நான் ஐந்தாவது ஆளாக நின்றபோது, வேலிப் பக்கமிருந்து 'ஓ'வென்று ஒரு சத்தம். நூறு பேர் சேர்ந்து போட்ட சத்தம். வரிசையைவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். 47 வயதில் சில முடிவுகளை உடம்புதான் எடுக்கிறது.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வெள்ளை மறுபடி மூடியிருந்தது. மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"இப்போதுதான் பார்த்தோம்டி. அப்படியே திரை விலகினதுபோல" என்றாள் சிவகாசி.

"எத்தனை தூண்?" என்று கேட்டேன்.

"மூன்று" என்றாள் பரமக்குடி. "இரண்டு" என்றாள் சிவகாசி. கம்பம் எண்ணவில்லையாம், உயரத்தைத்தான் பார்த்தாளாம். தூண்கள் மூன்று, 400 அடி உயரம் என்று அங்கே பலகையிலேயே போட்டிருந்தது. படம் எடுக்க மூவருக்கும் தோன்றவில்லை. ஒளிவட்டத்தில் நான் யாரையும் நம்பவில்லை; இதில் மூவரையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

இறங்கும்போது பெரிதாகப் பேசவில்லை. காட்ரோடு வந்ததும் வெயில் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டது. நால்வரின் போனும் ஏதோ சொல்லிவைத்ததுபோல் அடுத்தடுத்து ஒலித்தன.

வீட்டில் இஞ்சித் துவையல் டப்பாவை யாரும் திறக்கவே இல்லை. மெத்தைமேல் துணி மலைபோலக் கிடந்தது. மாமியார் கூடத்தில் உட்கார்ந்து, நான் கொண்டுவந்த பூண்டை முறத்தில் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார்.

"பாறையைப் பார்த்தாயா?"

"பார்த்தேன், அத்தை" என்றேன். "மூன்று தூண். நல்ல உயரம்."

அவர் கையிலிருந்த பல்லை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"கல்யாணமான வருடம் உன் மாமனார் என்னையும் கூட்டிப்போனார்" என்றார். "வெள்ளையாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஊருக்கு வந்து எல்லோரிடமும் பார்த்தேன் என்றுதான் சொன்னேன்."

பிறகு அடுத்த பூண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது உரிக்கக் கஷ்டப்படுத்துகிற பூண்டு. நீயும் வந்து உட்கார்" என்றார்.